பொட்டுக் கண்ணும் சாவி வளையமும்: கையால் செய்த லூர் அனுபவங்கள்

வரால்பித்தன், குழித்துறை

கடையில் வாங்கக் காசில்லாமல் நான் லூர், அதாவது தூண்டிலில் மாட்டும் போலி இரை, செய்ய ஆரம்பிக்கவில்லை. வாங்கியதையெல்லாம் தாமரைத் தண்டுக்குக் கொடுத்துவிட்டு வந்ததால் ஆரம்பித்தேன். எங்கள் ஊர்க் குளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கரையிலிருந்து பத்தடி தாண்டினால் தாமரையும் பாசியும்தான். வரால் கிடப்பதும் அங்கேதான். ஒரே மாதத்தில் நான்கு லூர் போச்சு. நான்காவது அறுந்த அன்று வீட்டில் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு மாமா மரவேலை செய்கிறவர். அவரிடம் ஒரு துண்டு மரம் கேட்டேன். பட்டறையில் ரப்பர் மரம் குவிந்து கிடந்தது, அதையே எடுக்கப் போனேன். “அது வேண்டாம் மக்கா, கனத்த தடி. முருக்கு எடு” என்றார். நல்லமிளகுக் கொடி படரவிட நட்டிருப்போமே, அதே முருக்கு. காய்ந்த கம்பைத் தூக்கினால் கையில் எதுவுமே இல்லாதது போல இருக்கும். வெண்டைக்காயில் இறங்குவது போலக் கத்தி இறங்கும்.

ஏழு செ.மீ. நீளத்தில் ஒரு பரல் மீன் மாதிரி செதுக்கி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கொசுவலைத் துண்டை இறுக்கிச் சுற்றி மேலே ஸ்ப்ரே பெயின்ட் அடித்து, வலையை உரித்தால் அசல் செதிள். கண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு. “இருந்த ஒரே கறுப்புப் பொட்டையும் எடுத்துட்டீங்க, நாளைக்குக் கல்யாண வீட்டுக்கு நான் எதை வைப்பேன்?” என்று மனைவி கேட்டது தனிக்கதை. பொட்டின் மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு விட்டால் கண் உருண்டு பளபளவென்று நிற்கும். வாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு, பழைய சி.டி.யில் வெட்டியது. பின்லாந்தில் லௌரி ரபாலா 1936-இல் தன் முதல் லூரைத் தக்கையில் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் மினுக்குத் தாளை ஒட்டி, அதன்மேல் போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசியிருக்கிறார். அவருக்கு வாய்த்தது நெகட்டிவ், எனக்கு சி.டி.

மொத்தம் ஆறு சாயங்காலம் ஆனது. ஏழாவது நாள் கிணற்றடித் தொட்டியில் விட்டேன். செத்த மீன் மாதிரி மல்லாந்து படுத்தது. வயிற்றில் இரண்டு குழி போட்டு ஈயக்குண்டை நசுக்கி அடைத்ததும் நிமிர்ந்தது. ஆனால் இழுத்தால் இடப்பக்கமாகவே வட்டம் அடித்தது. மூக்கு வளையத்தைக் குறடால் ஒரு மயிரிழை வலப்பக்கம் வளைத்தேன். அப்புறம்தான் நேராக வந்தது, வாலை ஆட்டிக்கொண்டு. அந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்காகவே அரைமணி நேரம் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, விடியும் முன்னே குளத்தங்கரை. மூன்றாவது வீச்சு, படித்துறை ஓரம் பாசி விலகிக் கிடந்த ஒரு சந்தில். லூரை நிறுத்தி, கொஞ்சம் விட்டு மறுபடி இழுத்தபோது ஒரு வெட்டு, மணிக்கட்டு வரைக்கும் ஏறியது. ராடு வளைந்தது. வரால் ஒரு தடவை மேலே வந்து தலையை உதறியது. உடனே தூண்டில் நரம்பு தொய்ந்துவிட்டது. சுற்றி எடுத்தேன். லூர் வந்தது, பின்பக்கத் தூண்டில் முள் வரவில்லை.

அறுந்ததும் இல்லை, முறிந்ததும் இல்லை. முருக்கில் நான் திருகி வைத்திருந்த வளையம், வாழைத்தண்டில் குத்திய ஈர்க்கு மாதிரி உருவிக்கொண்டு போயிருக்கிறது. மரம் இலேசு என்று சந்தோஷப்பட்டவன், அத்தனை இலேசான மரம் திருகாணியைப் பிடித்து வைக்காது என்பதை யோசிக்கவில்லை. ஆறு சாயங்காலத்தில் ஐந்து பெயின்டுக்கே போனது, அந்த வளையத்துக்கு நான் கொடுத்தது ஐந்து நிமிடம். வாயில் மூன்று முனை முள்ளோடு ஒரு மீன் போய்விட்டதே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. லூரை எடுத்துப் பார்த்தால், செதிளின் மேல் நான்கு பல்குறி. ஒன்று பொட்டைக் கிழித்துக்கொண்டு மரம் வரை இறங்கியிருக்கிறது.

இப்போது செய்கிற எதிலும் திருகு வளையம் கிடையாது. வயிற்றை ஆக்சா பிளேடால் நீளவாக்கில் கீறி, மூக்கு முதல் வால் வரை ஒரே எவர்சில்வர் கம்பி, 1 மி.மீ. தடிமன். நடுவில் முள் மாட்ட ஒரு வளைவு. ஈயத்தையும் அந்தக் கீறலிலேயே வைத்து அரால்டைட் பசை நிரப்பி, துணிக்கிளிப் போட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுவேன். மரம் இரண்டாகப் பிளந்தாலும் மீன் கம்பியில் இருக்கும்.

தாமரைக்குள் போட இந்த மர மீனும் உதவாது. அதற்குத் தவளைதான். வார் அறுந்த ஹவாய் செருப்பில் வெட்டியது, இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி. கால்களுக்குப் பிளாஸ்டிக் சாக்கிலிருந்து உருவிய இழை. பெயின்ட் அடிக்கவே இல்லை. இதில் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: “டப்” என்று சத்தம் கேட்டவுடன் ராடைத் தூக்கக் கூடாது. வரால் தவளையை வாய்க்குள் மடக்க ஒரு கணம் வேண்டும். மனதுக்குள் ஒண்ணு, ரெண்டு எண்ணிவிட்டு இழுத்தால் முள் ஏறும். இதை எழுதுவது சுலபம், அந்த நேரத்தில் கை கேட்காது. ஐந்து மீனைக் கோட்டைவிட்ட பிறகுதான் ஒன்றேகால் கிலோவில் ஒன்று கரைக்கு வந்தது.

இன்னொன்று. செக்கச்செவேல் என்று குஞ்சுகள் கூட்டமாகத் தண்ணீர் மேலே கொப்பளிக்கும் இடத்தில் தவளையைப் போடாதீர்கள். கீழே காவல் கிடக்கிற வரால் பசிக்கு அடிப்பதில்லை, குஞ்சை விரட்ட வந்தது என்று நினைத்து அடிக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் மற்ற மீன்கள் அத்தனை குஞ்சையும் காலி செய்துவிடும்.


சித்தூர்க்காரி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம்

அண்ணா, பொட்டுக் கண் நானும் வைக்கிறேன். ஆனால் என் கதை கரண்டியில் ஆரம்பிக்கிறது. எவர்சில்வர் ஸ்பூனின் காம்பை வெட்டிவிட்டு, குழிவான பாகத்தின் இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு, ஒரு பக்கம் நரம்பு, ஒரு பக்கம் முள். இழுத்தால் மினுக்கிக்கொண்டே புரண்டு வரும். மரத்தைவிட இது சுலபம் என்றுதான் நினைத்தேன்.

எவர்சில்வரில் ஓட்டை போடுவது அவ்வளவு சுலபமில்லை. டிரில்லை வேகமாக விட்டால் இடம் சூடாகி இன்னும் கெட்டிப்பட்டுவிடுகிறது, பிட் வழுக்குகிறது. எனக்கு வழுக்கியது இடது கட்டைவிரலில். மூன்று தையல். தையல் மெஷினில் பத்து வருஷம் உட்கார்ந்தும் ஊசி ஏறாத விரல் அது. இப்போது ஸ்பூனைக் கட்டையில் திருகிப் பிடித்து, ஆணியால் ஒரு குழி தட்டி, எண்ணெய் விட்டு, மெதுவாகத்தான் துளைக்கிறேன். அப்புறம் ஓட்டையின் விளிம்பை அரம் போட்டு மழுக்குவேன். முதலில் செய்தவற்றில் அந்த விளிம்பே நரம்பை அறுத்துவிட்டது.

ஜாக்கெட் தைத்து மிஞ்சிய ஜரிகை நூலை முள்ளில் குஞ்சம் போலக் கட்டுகிறேன். சித்தூர்ப்புழையில் தடுப்பணைக்குக் கீழே இரண்டு கிலோ வாளை ஒன்று அதில்தான் வந்தது. “ஊரெல்லாம் கரண்டியில மீன் குழம்பு ஊத்துவாங்க, நீ கரண்டியத் தண்ணியில போட்டு மீனை எடுக்கிறே” என்று தம்பி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். கடைசியில் குழம்பு ஊற்றவும் வீட்டில் ஸ்பூன் இல்லை என்பது அம்மாவின் புகார்.


உப்புக்காத்து, ஆரம்பாக்கம்

நான் பழவேற்காட்டு ஏரிப் பக்கத்து ஆள். இங்கே கொடுவாதான். எல்லை தாண்டித் தடாவுக்குப் போனால் அதே மீன் பண்டுகப்பா. கேரளாக்காரர்கள் காளாஞ்சி என்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஈயம் உருக்கி வார்ப்பது பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான். ஜிக் தலையை, அதாவது முள்ளின் கழுத்தில் வரும் ஈயக்குண்டை, நானே வார்க்கலாம் என்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு செய்தேன். மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது, உள்ளே ஈரம். ஈயம் உருகுவதே 327 டிகிரியில். அதை ஈரத்தின் மேல் ஊற்றினால் என்ன ஆகும்? “படீர்” என்று மொத்தமும் திரும்பி வந்தது. சட்டையில் ஏழெட்டுப் பொத்தல். மூக்குக் கண்ணாடியின் இடது பக்கத்தில் ஈயப்பொட்டு ஒன்று அப்படியே ஒட்டிக்கொண்டது. கிட்டப் பார்வைக்குப் போட்ட கண்ணாடி இல்லாவிட்டால் இதை ஒரு கண்ணால்தான் எழுதிக்கொண்டிருப்பேன். இப்போது அச்சை ஒரு வாரம் வெயிலில் வைக்கிறேன். வெளியில், காற்றுக்கு முதுகு கொடுத்து நின்றுதான் ஊற்றுவது, புகை முகத்துக்கு வரக் கூடாது. உருக்குகிற சட்டியை மறுபடி அடுப்படிக்குள் விடவே விடாதீர்கள்.

குழித்துறை அண்ணனின் திருகு வளையம் போல எனக்கு ஒரு சாவி வளையம். முள்ளை லூரோடு சேர்க்கிற வட்ட வளையம் தீர்ந்துபோய், சாவிக்கொத்தில் கிடந்த சின்ன வளையத்தை மாட்டினேன். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. முகத்துவாரத்துக்கு உள்ளே, வத்தம் (தண்ணீர் கடலுக்கு வடிவது) ஆரம்பிக்கிற நேரம், ஒரு பெரிய கொடுவா எடுத்தது. இரண்டு தடவை தண்ணீருக்கு மேலே முழு உடம்பும் வந்தது. செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும், நரம்பை அறுத்துவிடுமோ என்றுதான் பயந்தேன். நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வளையம் விரிந்து, ‘ட’ எழுத்து மாதிரி லூரில் தொங்கியது.

அது பெட்டைதான் என்று என் கணக்கு. கொடுவா சின்ன வயதில் ஆண், பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிற மீன். அந்த அளவில் அகப்பட்டதை எப்படியும் விட்டிருப்பேன் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறேன். போட்டோவாவது எடுத்திருக்கலாம்.


வரால்பித்தன், குழித்துறை

தங்கச்சி, அந்த அரம் போடுகிற விஷயத்துக்கு நன்றி. என் சி.டி. நாக்கிலும் விளிம்பு கூர்மைதான், நரம்பு அங்கே உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

உப்புக்காத்து எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன். மூக்கிலிருந்து வால் வரை கம்பி ஓட்டிய ஆறு லூர். அதில் நான்கில் முள் தொங்குவது, மார்த்தாண்டம் ஃபேன்சி கடையில் டஜன் கணக்கில் வாங்கிய சாவி வளையத்தில். குறடை எடுத்து ஒன்றை இழுத்துப் பார்த்தேன். விரிந்துவிட்டது. மீதி மூன்றையும் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.