அசைச்சா 120 ஓம்: வயரா, மாட்யூலா?

வணக்கம் நண்பர்களே. மூணு நாளா ஒரு காரோட மல்லாடுறேன். மேடு பள்ளத்துல ஏறி இறங்கினா ஏபிஎஸ் (பிரேக் போட்டா சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிற அமைப்பு) லைட் எரியுது, ஸ்பீடோமீட்டர் முள்ளு பொத்துனு பூஜ்யத்துல விழுது. கொஞ்ச தூரம் போனா தானா சரியாகுது. ஸ்கேனர்ல யூ0121 கோடு, அதாவது ஏபிஎஸ் மாட்யூலோட (அதை இயக்குற கம்ப்யூட்டர் பெட்டி) தொடர்பு விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

பேட்டரியைக் கழட்டிட்டு ஓபிடி சாக்கெட்ல (ஸ்கேனர் மாட்டுற இடம்) 6, 14 பின்னுக்கு, அதாவது மாட்யூல்கள் பேசிக்கிற ரெண்டு கேன் வயருக்கு, நடுவுல அளந்தா 60 ஓம், சரியாத்தான் இருக்கு. ஆனா ஏபிஎஸ் பக்கம் போற வயரிங்கை லேசா அசைச்சா 120க்குத் தாவுது. அப்போ கேன் லைனோட ரெண்டு முனையிலயும் இருக்குற 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர்ல ஒண்ணு இணைப்பு விட்டுப்போகுதுன்னுதானே அர்த்தம்? கனெக்டரைப் பிரிச்சேன், ஒரே ஒரு பின்னுல பச்சையா களிம்பு. சுத்தம் பண்ணியும் அப்படியேதான்.

மாட்யூலையே மாத்தச் சொல்றாங்க. அந்தச் செலவை வண்டிக்காரர் தலையில கட்ட மனசு வரல. கோளாறு வயர்லயா, மாட்யூலுக்குள்ளயான்னு எப்படி உறுதி பண்றது? இதைப் பார்த்த அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.