எல்லை தாண்டிய தொடர்பு பத்தமடைப் பாய் நெசவுக்குத் துணையாகுமா?

கேள்வி (பத்தமடையிலிருந்து):
கோரைப் பாய் நெய்யும் பெண்கள் சிலர் சேர்ந்து குழுவாக இயங்கி வருகிறோம். தாமிரபரணிக் கரைக் கோரையை மெல்லிதாகக் கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, பருத்திப் பாவில் நெய்யும் பட்டுப்பாய் ஒன்று தறியிலிருந்து இறங்கப் பல வாரங்கள் ஆகும். புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் விலையை முடிவு செய்பவர் நகரத்து வியாபாரியாகவே இருக்கிறார். வெளிநாட்டுக் கைவினைஞர்களோடு தொடர்பு வைத்துக்கொண்டால் இந்த நிலை மாறும் என்கிறார்கள். மொழியும் பயணச் செலவும் தடையாக நிற்கும்போது, எங்களைப் போன்ற சிறு குழு எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி (அயர்லாந்தில் வாழும் பாளையங்கோட்டைக்காரர்):
சகோதரி, இங்கே 2015 முதல் 2018 வரை 'எ கிரியேட்டிவ் மொமெண்டம்' என்ற திட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, சுமார் 20 லட்சம் யூரோ செலவில் நடந்தது. மேற்கு அயர்லாந்து, வட அயர்லாந்தின் தென்கிழக்கு, நடு ஸ்வீடன், வட பின்லாந்து, வடகிழக்கு ஐஸ்லாந்து ஆகிய ஐந்து பகுதிகளின் சிறு படைப்புத் தொழில்களை அது இணைத்தது. தலைநகரங்களுக்குத் தொலைவில், மக்கள் சிதறி வாழும் இந்தப் பகுதிகளின் இடர்கள் ஏறத்தாழ ஒன்றே என்பதால், அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள முடிந்தது. படைப்புகளைக் காட்டப் பொதுவான இணையதளமும் உருவானது. நீங்களும் வாங்குபவரைத் தேடுவதற்கு முன் உங்களைப் போல் நெய்பவரைத் தேடுங்கள். தென்கொரியாவின் கங்வா தீவில் கோரை இனப் புல்லால் பூவேலைப் பாய் பின்னுகிறார்கள். அதற்கென்றே ஒரு பண்பாட்டு மையமும் அங்கே இருக்கிறது. செய்முறையைக் காணொளியில் பகிர்ந்துகொள்ள மொழி பெரிய தடையாக இருக்காது.

மறுமொழி (அம்பாசமுத்திரத்திலிருந்து):
அண்ணாச்சி சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கொரியா வரை போவதற்கு முன், திருச்சூர் மாவட்டத்துக் கிள்ளிமங்கலத்தில் இதே கோரையில் நெய்பவர்களைப் பாருங்கள். ஓர் இரவு ரயில் பயணத்தில் சேர்ந்துவிடலாம். சாயத்தைப் பற்றியும் விலை வைக்கும் முறையைப் பற்றியும் நேரில் உட்கார்ந்து பேசலாம். மாநில எல்லையும் எல்லைதான். மரச்சொப்பு செய்யும் எங்கள் ஊரில், வெளியூர்க்காரர்களோடு பேசிய பிறகுதான் கடைசல் நேரத்தைக் கூலியாகக் கணக்கிடும் பழக்கமே சிலருக்கு வந்தது. ஒரு பாய்க்குச் செலவாகும் நாள்களை எழுதி வைக்காத குழு, எந்த நாட்டாரிடமும் நியாய விலை கேட்க முடியாது.

மறுமொழி (சேரன்மகாதேவியிலிருந்து):
இரண்டுமே தேவை. வெளிநாட்டுக்கு விற்பதென்றால் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். இணையத்தில் 500 ரூபாய் கட்டணத்தில் பெறலாம். அதிலுள்ள விவரங்களை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள் புதுப்பிக்கத் தவறினால் எண் முடங்கிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிறு பொட்டலங்களுக்கு அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையங்களே போதும். கோரை தாவரப் பொருள் என்பதால், ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் மண்ணோ விதையோ பூச்சியோ இருந்தால் அனுமதிக்க மாட்டா. ஆகவே முதலில் பெரிய பாயை அனுப்பாமல், கைப்பை அல்லது மேசை விரிப்பு அளவிலான மாதிரியை அனுப்பிப் பாருங்கள்.