மொஸார்ட் 40: ஒரே ஸ்கோர், எப்படிங்க இத்தனை விதமாக் கேட்குது?

நொய்யல்கரை (திருப்பூர்):
வணக்கமுங்க. மொஸார்ட்டோட 40ஆம் சிம்பொனி, ஜி மைனர், கே. 550 (மொஸார்ட் படைப்புப் பட்டியல்ல அதோட எண்). மூணு கண்டக்டருங்களோட ரெக்கார்டிங் கையில இருக்கு: கார்ல் போம் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோட, கிறிஸ்டஃபர் ஹாக்வுட் அகாடமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக்கோட, சார்லஸ் மெக்கரஸ் ஸ்காட்டிஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவோட. நிமிஷக் கணக்குல போமை விட மெக்கரஸ் நல்லாவே நீளம். ஆனா காதுக்கு மெக்கரஸ்தான் வேகம். ஹாக்வுட் கூட கீபோர்டு வாசிச்சா சுருதியே சேரலீங்க, ஃபைல்ல கோளாறா? கிளாரினெட்டும் ஒன்னுல இருக்கு, ஒன்னுல காணோம்.

பொள்ளாச்சி_செல்லோ:
நீளத்தை வெச்சு வேகத்தை முடிவு பண்ணாதீங்க. முதல் மூவ்மென்ட்ல (சிம்பொனியோட முதல் பகுதி) எக்ஸ்பொசிஷனுக்கு, அதாவது தீம்களை அறிமுகம் பண்ற ஆரம்பத்துக்கு மட்டும் ரிபீட் (திரும்ப வாசிக்கச் சொல்ற குறி). ஆண்டான்டேக்கும் (ரெண்டாம் மூவ்மென்ட்) ஃபினாலேக்கும் (கடைசி மூவ்மென்ட்) ரெண்டு பாதிக்குமே ரிபீட் போட்டிருக்கார் மொஸார்ட். மெக்கரஸ் அத்தனையும் வாசிப்பார். எல்பி காலத்து ஆளுங்க பாதிய விட்டுட்டுப் போவாங்க.

வேகத்தை நீங்களே அளக்கலாம். எக்ஸ்பொசிஷன் 100 பார் (நம்ம தாள ஆவர்த்தனம் மாதிரி), பாருக்கு ரெண்டு அடி. வயோலாக்களோட (வயலினை விடக் கொஞ்சம் பெரிய வாத்தியம்) முணுமுணுப்பு ஆரம்பிக்கறப்ப ஸ்டாப்வாட்சை அமுக்குங்க, அதே முணுமுணுப்பு ரிபீட்ல திரும்ப வர்றப்ப நிறுத்துங்க. 12,000ஐ அந்த விநாடிக் கணக்கால வகுங்க. 120 விநாடின்னா நிமிஷத்துக்கு 100 அடி, 108 விநாடின்னா 111. ரிபீட் இல்லாத ரெக்கார்டிங்ல முணுமுணுப்பு ஜி மைனருக்குத் திரும்பாது, தீம் எஃப் ஷார்ப் மைனர்ல கிளம்பிரும். அங்க நிறுத்துனா ரெண்டு மூணு பார் கூட வரும், கணக்கு பெருசாக் கெடாது.

ஆனா இது சராசரிதான். 44ஆம் பார்ல ரெண்டாம் தீம் வருது, அதுக்கு முந்துன பார்ல எல்லாரும் மௌனம். அந்த மௌனம் முடியற வரைக்கும் தனியா அளந்து 5,160ஐ வகுங்க. வர்ற எண் முழுச் சராசரியை விட அதிகம்னா, ரெண்டாம் தீமுக்கு கண்டக்டர் பிடியைத் தளர்த்திட்டார்னு அர்த்தம். இன்டர்பிரட்டேஷன்னு பேசறதுல பாதி இதுதானுங்க.

சென்னிமலை_சுருதி:
ஃபைல்ல கோளாறு இல்லீங்க. ஹாக்வுட் குழு ஏ = 430 ஹெர்ட்ஸ்ல வாசிக்குது, உங்க கீபோர்டு 440. வித்தியாசம் சுமார் 40 சென்ட், அரை ஸ்வரத்துக்கும் (கீபோர்டுல அடுத்தடுத்த ரெண்டு கீக்கு நடுவுல உள்ள 100 சென்ட்) குறைவு. அதனால டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடாதீங்க, அது 100 சென்ட் இறக்கிரும். மாஸ்டர் ட்யூனிங்ல போய் 430 வெச்சாப் போதும்.

கிளாரினெட் விஷயம்: மொஸார்ட்டே ரெண்டு வடிவம் எழுதியிருக்கார். 1788 ஜூலையில முடிச்சதுல கிளாரினெட் இல்ல. பிறகு ரெண்டு கிளாரினெட் சேர்த்து, ஓபோ பாகத்தையும் அதுக்கேத்த மாதிரி மாத்தினார். ரெண்டாம் தீம்ல ஸ்ட்ரிங்ஸ் (வயலின் வகை) விட்டதை வுட்விண்ட் (ஓபோ, கிளாரினெட் மாதிரி ஊதற வாத்தியங்க) வாங்கிக்கற எடத்துல கேளுங்க. ஓபோ, நாதஸ்வரம் மாதிரி இரட்டைச் சீவாளி, குரல்ல கூர்மை இருக்கும். கிளாரினெட்டுக்கு ஒத்தை ரீட், உருண்டு வரும். ஹாக்வுட் தொகுப்புல ரெண்டு வடிவமுமே இருக்கு. ஒரே குழுங்கறதால ஒப்பிட அதை விட வசதி கிடையாது.

ஹார்னையும் (பித்தளை ஊது வாத்தியம்) விட்டுராதீங்க. முதல், கடைசி மூவ்மென்ட்ல ஒரு ஹார்ன் பி ஃபிளாட், இன்னொன்னு ஜி. வால்வு இல்லாத ஹார்ன்ல கிடைக்கற ஸ்வரம் கொஞ்சம்தான், ரெண்டு சுருதியில வெச்சா மைனருக்கு வேணுங்கறது கூடுதலாக் கிடைக்கும். வால்வு ஹார்ன்ல எல்லாம் ஒரே வழவழப்பா வந்துரும். மெக்கரஸ் குழுவுல ஸ்ட்ரிங்ஸ் நவீனம், ஹார்ன் பழைய வகை. அந்தக் கலப்பு எனக்கு ஹாக்வுட்டை விடப் பிடிக்கும்.

ஈரோடு_எல்பி:
பழசுன்னா மெதுவுன்னு முடிவு கட்டிராதீங்க சாமி. ஃபுர்ட்வாங்லர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோட 1948–49ல பண்ணினதுல முதல் மூவ்மென்ட் பறக்கும். புரூனோ வால்ட்டர் 1959ல கொலம்பியா சிம்பொனியோட அதையே நிதானமாப் பாட விடுவார். ரெண்டும் பழைய பாணிதான், ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல.

ஒப்பிடறப்ப ஆப்ல கிராஸ்ஃபேடை அணைச்சிருங்க, இல்லாட்டி மூவ்மென்ட் முடிவும் அடுத்ததோட ஆரம்பமும் கலந்துரும். சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாங்க. கொஞ்சம் சத்தமா இருக்கறதுதான் எப்பவுமே "உயிரோட்டமா" தெரியும்.

நொய்யல்கரை:
நன்றிங்க. மூணு பேரையும் ஒரே எடத்துல வெச்சுப் பார்க்கணும்னா எந்த எடம்ங்க?

சென்னிமலை_சுருதி:
ஃபினாலே, முதல் பாதி முடிஞ்சதும் வர்ற எட்டு பார். 12 ஸ்வரஸ்தானத்துல 11 வருது. வராத ஒன்னு ஜி, அதாவது நம்ம கணக்குல ஆதார ஸட்ஜமம். அடியே காலுக்குக் கீழ இல்லாத எடம். போம் வேகத்தைத் தளர்த்தறாரா, ஹாக்வுட் வைப்ரேட்டோ (ஸ்வரத்தை நடுங்க விடறது) குறைச்சதுல அது இன்னும் கரடாத் தெரியுதான்னு பாருங்க. மெக்கரஸ் ரெண்டாம் பாதியையும் ரிபீட் பண்றதால உங்களுக்கு ரெண்டு தடவை கிடைக்கும்.