குப்பை மூட்டைக்குள் கூரியர் உறை இருந்ததாம், 500 ரூபாய் அபராதம். கட்டலாமா, சண்டை போடலாமா?

ஷிஃப்ட்_மணி:
எங்கள் ஊரில் மூன்று மாதத்துக்கு முன் தெருமுனைத் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். இனிமேல் வண்டி வீட்டுக்கே வரும், மக்கும் குப்பை மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுங்கள் என்றார்கள். சரி. ஆனால் வண்டி எங்கள் தெருவுக்கு வரவே ஒன்பதாகிவிடுகிறது. நான் ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் பிடிப்பவன், மனைவி எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள். நேற்று வந்து பார்த்தால் கதவில் நோட்டீஸ். டிரான்ஸ்ஃபார்மர் அடியில் கிடந்த மூட்டையைச் சுகாதார ஆய்வாளர் குச்சியால் கிளறியபோது கூரியர் உறை ஒன்று கிடைத்ததாம், அதில் என் பெயர், கதவு எண், போன் நம்பர் எல்லாம் இருந்ததாம். உறையில் பெயர் இருந்தால் மூட்டையைப் போட்டவன் நான்தான் என்று ஆகிவிடுமா?

வடக்குவீதி:
கட்டிவிடுங்கள் சார், 500தானே. சென்னையில் பொது இடத்தில் கொட்டினால் வாங்கும் அபராதத்தை 2024-இல் 500-இலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். எங்கள் தெருமுனையை நாங்களே காசு போட்டுச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, மூன்று மதத்துச் சாமி படத்தையும் டைல்ஸில் பதித்தோம். ஒரு வாரம் பளபளவென்று இருந்தது. எட்டாம் நாள் சாமியிலிருந்து பத்தடி தள்ளி டயப்பர் மூட்டை. சாமிக்கே பயப்படாதவன் காசுக்குத்தான் பயப்படுவான்.

கரும்பலகை:
உறையில் பெயர் இருப்பது, அந்தப் பொருள் ஒரு காலத்தில் அவர் வீட்டில் இருந்தது என்பதற்குத்தான் சாட்சி. அதை அங்கே போட்டது யார் என்பதற்கு அல்ல. திடக்கழிவு மேலாண்மை விதிகள் நம்மைத் தெருவில் எறியாதே, எரிக்காதே, பிரித்துக் கொடு என்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். வீடு வீடாக வந்து வாங்குவது உள்ளாட்சியின் வேலை என்று சொல்வதும் அதே விதிகள்தான். ஆள் இல்லாத நேரத்தில் வந்து விசில் ஊதிவிட்டுப் போனால் அது வாங்கியதாகுமா? எங்கள் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் முகூர்த்த நாள் ராத்திரி எச்சில் இலையை டிராக்டரில் ஏற்றி ஏரிக்கரையில் கவிழ்க்கிறார். அவர் கதவில் ஒரு நோட்டீஸும் கிடையாது. நூறு பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாள் முன்னதாகவே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும் என்று விதி இருந்தும்.

வடக்குவீதி:
விதியை முழுக்கப் படியுங்கள் கரும்பலகை. அந்த நூறு பேர் கணக்கு உரிமம் இல்லாத இடத்தில் கூட்டம் போடுபவர்களுக்கு. மண்டபத்துக்கு உரிமம் இருக்கும்.

கரும்பலகை:
சரி, அது என் தவறு. அப்படியானால் நாளுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடம் என்ற கணக்கில்தான் அவரைப் பிடிக்க முடியும். ஆடி, மார்கழி முழுக்க மண்டபம் காலி. சராசரி எடுத்தால் அங்கேயும் தப்பிவிடுவாரோ என்னவோ. ஒரே ராத்திரியில் ஆயிரம் இலை விழுந்தாலும் விதியின் கண்ணுக்கு அவர் சின்ன ஆள், மணி பெரிய ஆள்.

பழைய_பேப்பர்:
மணி தம்பி, இருபது வருடமாகப் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறேன், மூட்டை எப்படிக் கை மாறும் என்று எனக்குத் தெரியும். விடியற்காலை நாலரைக்குச் சாக்கோடு வருபவர்கள் மூட்டையை அவிழ்த்து, அட்டை, பாட்டில், பால் கவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தை எந்த மூட்டையில் திணித்தோம் என்று அவர்களுக்கே நினைவிருக்காது. உள்ளே குமிழ் வைத்த அந்தக் கூரியர் உறை இருக்கிறதே, அதை என் கடையில் எடைக்கு எடுக்க மாட்டேன். அதனால் கடைசியில் மிஞ்சுவது அதுதான், ஆய்வாளர் கண்ணில் படுவதும் அதுதான். ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படக் கூடாது. உன் வீட்டு மூட்டை வாசலைத் தாண்டி எப்படிப் போனது?

ஷிஃப்ட்_மணி:
சொல்லிவிடுகிறேன் அண்ணா. வீட்டு வேலைக்கு வரும் அக்கா போகும்போது எடுத்துக்கொண்டு போவார். தொட்டி இருந்தவரை தொட்டியில் போட்டிருப்பார். இப்போது எங்கே போடுகிறார் என்று நான் கேட்டதில்லை. தொட்டி இல்லை என்பது எனக்குத் தெரியும், இருந்தும் கேட்கவில்லை.

ரத்னா_டீச்சர்:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு சட்டம் பேசியிருக்க வேண்டாம். கட்டுங்கள், அதை அந்த அம்மாவின் சம்பளத்தில் பிடித்துவிடாதீர்கள். அபராதம் என்றதும் எல்லோரும் பெரியவனை முதலில் பிடி என்கிறீர்கள். சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 2022-இலும் கோவை வெள்ளலூர்க் கிடங்கு 2024-இலும் பற்றி எரிந்தன, நாள்கணக்கில் புகை. சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக்கோடு கலந்து அடியில் அழுகினால் எரிவாயு உண்டாகும், வெயில் காலத்தில் ஒரு பொறி போதும். அந்த மலையை மண்டபத்துக்காரர் மட்டும் கட்டவில்லை, நம் அடுப்படியிலிருந்தும்தான் போனது. கேரளத்தைப் பாருங்கள், பல இடங்களில் ஈரக் குப்பையை வீட்டிலேயே உரமாக்குகிறார்கள், பிளாஸ்டிக்கை மட்டும் ஹரித கர்ம சேனை என்ற குழுப் பெண்கள் மாதாமாதம் வந்து வாங்கிப் போகிறார்கள், அதற்குக் கட்டணமும் உண்டு.

கரும்பலகை:
டீச்சர், கேரளத்தையா சொல்கிறீர்கள்? 2023 மார்ச்சில் கொச்சியில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு எரிந்தது பத்து நாளுக்கு மேல். 2024 டிசம்பரில் அங்கிருந்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூரில் கொட்டினார்கள்.

ரத்னா_டீச்சர்:
கொட்டினார்கள். அப்புறம் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் கேரள அரசே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது, அதையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் மண்டபத்துக்காரரையும் ஏரிக்கரையில் இறக்கி அள்ள வையுங்கள், நான் கூட வந்து நிற்கிறேன். அதற்காக மணியை விட்டுவிட வேண்டும் என்று இல்லை.

மூணாவது_வார்டு:
என் அம்மா தூய்மைப் பணியாளர், ஒப்பந்தத்தில் பேட்டரி வண்டி ஓட்டுகிறார். ஆறு மணிக்கு வருகைப் பதிவு. வண்டி சார்ஜ் ஏறியிருந்தால் ஆறரைக்குக் கிளம்பும், இல்லையென்றால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முந்நூறு வீடு. கடைசித் தெருவுக்கு வர ஒன்பது மணி ஆவது சோம்பேறித்தனத்தால் இல்லை.

ஆய்வாளர் குச்சியால் கிளறினார் என்று மணி அண்ணன் எழுதியிருக்கிறார். எங்கள் வார்டில் ஆய்வாளர் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார், கிளறுவது அம்மா. அதுவும் கையால்தான், ரப்பர் கையுறை நனைந்தால் முடிச்சு அவிழ்க்க வராது என்று கழற்றிவிடுவார். இடது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தழும்பு இருக்கிறது, உடைந்த டியூப் லைட்டை யாரோ சாம்பார் சாதத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டிருந்தார்கள். மூன்று தையல், இரண்டு நாள் சம்பளம் போனது. அந்த மூட்டையில் பெயர் எழுதிய உறை எதுவும் இல்லை. இருந்திருந்தால் 500 ரூபாயோடு விட்டிருக்க மாட்டேன்.

வடக்குவீதி:
இதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை தம்பி. கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி மேலே எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம் ஆகுமா?

ஷிஃப்ட்_மணி:
இன்று மதியம் போய்க் கட்டிவிட்டேன். ரசீதில் குப்பை என்ற வார்த்தையே இல்லை, ‘இதர வரவு’ என்று போட்டிருக்கிறார்கள். அக்காவிடம் நோட்டீஸ் விஷயத்தைச் சொல்லவில்லை, இனி குப்பையை எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் தம்பி, நான் ஏதாவது தப்பு செய்தேனா என்று கேட்டார். டீச்சர், வீட்டிலேயே உரமாக்குவது என்றீர்களே, அதற்கு வாளி வைத்தால் நாறாதா? எங்களுடையது வாடகை வீடு, பால்கனி இரண்டடிதான்.

ரத்னா_டீச்சர்:
பழைய பெயிண்ட் வாளி போதும். பக்கவாட்டில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு முறையும் குப்பைக்கு மேல் ஒரு கை காய்ந்த இலையோ தென்னை நார்த்தூளோ தூவுங்கள். ஈரம் அதிகமானால்தான் நாற்றம். மீன் முள், எலும்பு முதல் இரண்டு மாதம் வேண்டாம், புழு வைத்தால் நீங்கள் பயந்து நிறுத்திவிடுவீர்கள்.

மூணாவது_வார்டு:
மிச்சத்துக்கு ஒரு வழி இருக்கிறது அண்ணா. தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுத் தூய்மைப் பணி மேஸ்திரியிடம் கொடுங்கள், வாரத்தில் இரண்டு நாள் வண்டியை உங்கள் தெருவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி. அம்மா அப்படி ஒரு தெருவுக்குப் போகிறார். ஏழு மணிக்குள் வந்துவிட்டால் அண்ணி வீட்டில்தானே இருப்பார்கள்?

கரும்பலகை:
நல்ல யோசனைதான். ஆனால் மணி தெருவுக்கு ஏழு மணி என்றால் அந்த ஒன்பது மணி இன்னொரு தெருவுக்குப் போகும். அது யாருக்கு?

வடக்குவீதி:
என்னைப் போல ரிட்டயர்டு ஆட்கள் இருக்கும் தெருவுக்குப் போகட்டும். பதினொரு மணிக்கு வந்தாலும் வாசலில்தான் உட்கார்ந்திருப்போம்.