புதுப்பிப்பு: ரிமோட் டிம்மரில் எல்.இ.டி பல்பு மினுக்கல் தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் பழைய தொட்டிக்கட்டு வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) ரிமோட் டிம்மர், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்விட்ச், போட்டோம். வெளிச்சத்தைக் குறைத்தால் நான்கு எல்.இ.டி பல்புகளும் மினுக்கின, அணைத்த பிறகும் மங்கலாக எரிந்தன. பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

முதலில் பல்பை மாற்றினேன். பழைய பல்பின் அட்டையில் டிம்மருக்கு ஏற்றதல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. வாங்கும்போது நான் கவனிக்கவில்லை. டிம்மபிள் என்று போட்ட 9 வாட் பல்புகளை மாட்டியதும் மினுக்கல் நின்றது. அணைத்த பிறகு வரும் மங்கல் மட்டும் போகவில்லை.

அதைத் தீர்த்தது, 'ஸ்விட்ச் பெட்டியில் நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இருக்கா பாருங்க' என்றவரின் யோசனை. திறந்து பார்த்தால், இல்லை. நியூட்ரல் இல்லாத டிம்மர், அணைத்த பிறகும் தன் தேவைக்குப் பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்ட் இழுக்கும். எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு, டிம்மருக்கென்றே விற்கிற பைபாஸை, அதாவது அந்தக் கொஞ்சக் கரண்ட் பல்பு வழியாகப் போகாமல் தன் வழியாகப் போகவிடும் சின்னப் பொருளை, ஒரு ஹோல்டரில் பல்புக்கு இணையாகக் கொடுத்தார். இப்போது அணைத்தால் கும்மிருட்டுதான்.

எதிர்பாராதது ஒன்று. கரண்ட் போய் ராத்திரி 2 மணிக்கு வந்தபோது நான்கு பல்பும் முழு வெளிச்சத்தில் எரிய, அப்பாரு பதறி எழுந்துவிட்டார். கரண்ட் வந்ததும் அணைந்தே இருக்கும்படி டிம்மரின் மொபைல் ஆப்பில் மாற்றினேன். வெளிச்சத்தை 15 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் பல்பு பற்றவில்லை. அப்புறம் குறைந்தபட்ச அளவை 20 என்று வைத்தேன். ரிமோட் இப்போது அப்பாருவின் தலையணை அடியில்.