காஞ்சனபுரி சயாம் மரண ரயில் மியூசியம் - ஒரு நாள் போதுமா?

கேள்வி: டிசம்பர்ல பாங்காக் போறோம், அப்பாவும் கூட வர்றார். ரெண்டாம் உலகப் போர்ல அவரோட பெரியப்பாவ மலேயா ரப்பர் தோட்டத்துலருந்து சயாம் (இப்போ தாய்லாந்து) - பர்மா ரயில் போட ஜப்பான்காரன் கூட்டிட்டுப் போனான், திரும்பி வரவே இல்ல. அங்க போய் ஒரு பூ வச்சுட்டு வரணும்னு அப்பாவுக்கு ரொம்ப ஆசை. எங்க போகணும்?

பதில் 1: காஞ்சனபுரிக்குப் போங்க, ஒரு ராத்திரியாவது தங்குங்க. பாங்காக் தோன்புரி ஸ்டேஷன்லருந்து ரயில் இருக்கு, குவாய் ஆத்துப் பாலத்து மேலயே போகும். ஊருக்குள்ள போர்க் கல்லறைத் தோட்டம், பக்கத்துலயே தாய்லாந்து-பர்மா ரயில்வே மியூசியம். 415 கிலோமீட்டர் பாதைய 1942லருந்து 43 அக்டோபருக்குள்ள எப்படி போட்டாங்க, காலரால எப்படி செத்தாங்கன்னு அங்க புரியும். மொதல்ல மியூசியம் பாத்துட்டு கல்லறைக்கு போங்க.

பதில் 2: ஒண்ணு சொல்லிடறேன், அந்தக் கல்லறைத் தோட்டத்துல நம்மாளுங்க பேரைத் தேடாதீங்க. கிட்டத்தட்ட 7000 கல்லறை, எல்லாம் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு போர்க் கைதிங்க. பல பத்தாயிரம் தமிழ்த் தொழிலாளிங்க போனாங்க, தனிக் கல்லறையே கிடையாது, காட்டுலயே மொத்தமா புதைச்சாங்க. எனக்கு அங்க நின்னப்ப மனசு ஆறவே இல்ல. வாட் தாவோர்ன் வராராம் கோயில்ல தமிழர்களுக்கு நடுகல் வச்சிருக்காங்க, அப்பாவ அங்க கூட்டிட்டுப் போங்க, பூ அங்க வைங்க.

பதில் 3: காஞ்சனபுரிலருந்து ஹெல்ஃபயர் பாஸ் சுமார் 80 கிலோமீட்டர். அந்த ரயில் பாதைக்காக உளியும் சுத்தியலும் வச்சு பாறைய வெட்டின இடம். படிக்கட்டு நிறைய, அப்பாவுக்கு முட்டி வலின்னா மேல மியூசியத்தோட நிறுத்திக்கலாம்.