விண்வெளிக்குப் போனவங்க எழுதுன சுயசரிதை, அடுத்து எதைப் படிக்கலாம்?

நெய்தல்வாசி:

வணக்கம் மக்களே. ஸ்காட் கெல்லியோட எண்டூரன்ஸ் இப்பதான் படிச்சு முடிச்சேன், இன்னும் அதுல இருந்து வெளிய வர முடியல. 2015 மார்ச்ல கிளம்பி 340 நாள் ஸ்பேஸ் ஸ்டேஷன்ல இருந்துட்டு வந்தவரு. ராக்கெட் கிளம்புறதுல ஆரம்பிப்பாருன்னு பாத்தா, திரும்பி வந்தப்புறம் வீட்ல குடும்பத்தோட டைனிங் டேபிள்ல உக்காந்து சாப்பிட முடியாம எந்திரிச்சு படுக்கப் போற இடத்துல ஆரம்பிக்கிறாரு, கால் ரெண்டும் வீங்கி கிடக்கு. அதைவிட எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த கார்பன் டை ஆக்சைடு சமாச்சாரம். உள்ள காத்துல அது ஏற ஏற தலைவலி, எரிச்சல், யோசிக்க முடியாம மந்தமாகுறது, அதைக் கீழ இருக்கிறவங்களுக்குப் புரிய வைக்க அவர் படுற பாடு, அதை உறிஞ்சுற மெஷினை (சீட்ரான்னு சொல்றாரு) மறுபடி மறுபடி பிரிச்சு மாட்டுறதுன்னு பக்கம் பக்கமா எழுதிருக்காரு, ஒரு இடத்துல கூட போரடிக்கல.

அந்த சூட்டோட இன்னொருத்தர் எழுதுனதை எடுத்தேன், பேர் வேணாம். முழுக்க கனவு காணுங்க, விடாம முயற்சி பண்ணுங்கன்னு ஆண்டு விழா பேச்சு மாதிரியே போகுது. பாதியில வச்சுட்டேன்.

செய்யுற வேலையைக் கிட்டக்க காட்டுற, பயத்தை மறைக்காம சொல்ற புத்தகம் எது? அப்பல்லோ ஆளுங்கள்ல இருந்து ஆரம்பிக்கலாமா? இதெல்லாம் அவங்களே எழுதுறதா, இல்ல பக்கத்துல எழுத்தாளர் ஒருத்தர் உக்காந்து எழுதிக் குடுக்கிறதா? அப்புறம் எங்க அக்கா பொண்ணு பத்தாவது படிக்கிறா, அவளுக்கும் ஒண்ணு சொல்லுங்க.

பழம்புத்தகம்:

யோசிக்கவே வேணாம், மைக்கேல் காலின்ஸோட கேரியிங் தி ஃபயர். 1974ல வந்தது, அவரே உக்காந்து எழுதுனது, கூட எழுத யாரும் கிடையாது, படிக்கிறப்பவே அது தெரியும். முன்னுரை அட்லாண்டிக்கைத் தனியா பறந்து தாண்டுன விமானி சார்லஸ் லிண்ட்பெர்க். அப்பல்லோ 11ல ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் கீழ இறங்குனப்ப மேல கொலம்பியாங்கிற தாய்க்கலத்துல நிலாவைச் சுத்திக்கிட்டு இருந்த மூணாவது ஆளு இவரு. நிலாவுக்குப் பின்பக்கம் போற ஒவ்வொரு சுத்துலயும் முக்கால் மணி நேரத்துக்கு மேல பூமியோட ரேடியோ தொடர்பே இருக்காது. பாவம் தனியா இருந்தாரேன்னு உலகமே பேசுச்சு, ஆனா அவரு எழுதுறதைப் பாத்தா பயமோ தனிமையோ பெருசா இல்ல, அந்த நேரம் அவருக்குப் பிடிச்சிருக்கு, கிட்டத்தட்ட ஒரு குதூகலம்னே சொல்றாரு.

பயத்தை மறைக்காம சொல்றதுன்னு கேட்டீங்கள்ல, அது வேற இடத்துல இருக்கு. நிலாவுல இருந்து கிளம்புற இஞ்சின் ஒண்ணே ஒண்ணுதான். அது பத்திக்கலைன்னா கீழ இருக்கிற ரெண்டு பேரும் அங்கயே. அப்படி ஆனா நான் தற்கொலை பண்ணிக்க மாட்டேன், கிளம்பி வீட்டுக்கு வந்துருவேன், ஆனா சாகுற வரைக்கும் ஊரே என்னைக் காட்டிப் பேசும், அது எனக்குத் தெரியும்னு பச்சையா எழுதி வச்சிருக்காரு. ஆறு மாசமா அவர் மனசுக்குள்ள யாருக்கும் சொல்லாம வச்சிருந்த பயம் அதுதான். அவங்க மேல வர்றதுல கோளாறானா எப்படிப் போய் பிடிக்கிறதுன்னு 18 விதமான வழிய ஒரு நோட்டுல எழுதி கையோட வச்சிருந்தாரு.

வேலையைக் காட்டுறதுக்கும் ஒண்ணு சொல்றேன். தனியா இருக்கிறப்ப கலத்தைக் குளுமையா வைக்கிற கூலன்ட்டோட சூடு சரியில்லாம போகுது, ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில இருந்து நீளமா ஒரு ரிப்பேர் முறையைப் பண்ணச் சொல்றாங்க, இவரு ஸ்விட்சை ஆட்டோல இருந்து மேனுவலுக்குத் தள்ளி மறுபடி ஆட்டோவுக்கே கொண்டு வந்துட்டு, சூட்டு மேல ஒரு கண்ணை வச்சுக்கிட்டு மத்த வேலையைப் பாக்குறாரு, சரியாயிடுது. ஃப்ளைட் ஓட்டிப் பழகுன ஆளு எப்படி யோசிப்பாருன்னு அந்த ஒரு இடத்துலயே தெரிஞ்சுரும்.

இதை 1966ல ஜான் யங் கூட போன ஜெமினி 10 அத்தியாயத்தோட சேத்துப் படிங்க, அஜீனாவுல (ஆளில்லாம சுத்திக்கிட்டு இருந்த ராக்கெட்) பிடிமானமே இல்லாம கை வழுக்குறதும், கேமரா கழண்டு விண்வெளியில போறதும் அங்க வருது. பிள்ளைங்களுக்குன்னே இவர் தனியா ஒரு புத்தகம் எழுதிருக்காரு, ஃப்ளையிங் டு தி மூன் அண்ட் அதர் ஸ்ட்ரேஞ்ச் பிளேசஸ். பத்தாவது பொண்ணுக்கு அது போதும்.

கரிசல்_காட்டான்:

காலின்ஸ் பத்தி மறுபேச்சே இல்ல, ஆனா ப்ரோ நீங்க கேட்ட பயம் முழுசா வேணும்னா மைக் முல்லேனோட ரைடிங் ராக்கெட்ஸ் (2006) படிங்க. ஸ்பேஸ் ஷட்டில்ல (திரும்பத் திரும்பப் போயிட்டு வர்ற விண்வெளி ஓடம்) போறதுக்குன்னு நாசா 1978ல எடுத்த பேட்ச் ஆளு, மூணு தடவை மேல போயிருக்காரு. முதல் தடவை 1984 ஜூன்ல டிஸ்கவரிங்கிற ஷட்டில்ல உக்காந்திருக்காங்க, மெயின் இஞ்சின் பத்திக்கிச்சு, கிளம்ப நாலஞ்சு செகண்ட் இருக்கிறப்ப அணைஞ்சு போச்சு, வெளிய ஹைட்ரஜன் எரியுது அதுவும் கண்ணுக்குத் தெரியாத தீ, உள்ள இருக்கிறவங்க இறங்கி ஓடவா உக்காரவான்னு தெரியாம இருக்காங்க. அந்தப் பக்கங்களை நின்னுக்கிட்டே படிச்சேன்.

ஆனா உச்சம்னா 1988 டிசம்பர், அட்லாண்டிஸ் ஷட்டில். மேல ஏறும்போது பூஸ்டர் மூக்குல இருந்து பிஞ்ச துண்டு ஓடத்தோட அடிப்பக்கத்துல, இறங்குறப்ப சூடு தாங்குறதுக்காக ஒட்டியிருக்கிற டைல்ஸ்ல அடிச்சிருச்சு. ரோபோ கை கேமராவை நீட்டிப் பாத்தா வெள்ளை வெள்ளையா கீறல். அது மிலிட்டரி ரகசிய மிஷன், அதனால படத்தை என்கிரிப்ட் பண்ணித்தான் அனுப்ப முடிஞ்சுது, கீழ போய்ச் சேந்த படத்துல தெளிவு இல்ல, அது வெளிச்சமும் நிழலும்தான் பயப்படாதீங்கன்னு பதில் வருது. கமாண்டர் ஹூட் கிப்சன் கண்ணால பாத்துட்டாரு, சாகப் போறோம்னே நெனச்சிருக்காரு. அந்த நெனப்போடயே மிச்ச வேலையெல்லாம் முடிச்சுட்டு இறங்கியிருக்காங்க! இறங்குனப்புறம் எண்ணிப் பாத்தா 700 டைலுக்கு மேல சேதம், ஒண்ணு முழுசாவே காணோம், அந்த இடத்துல ஆன்டெனாவுக்காக வச்ச கனமான உலோகத் தகடு இருந்ததாலதான் பொத்துக்காம தப்பிச்சாங்க. இதைப் படிச்சுட்டு 2003ல கல்பனா சாவ்லாவோட சேத்து எல்லாரையும் பலி வாங்குன கொலம்பியா ஷட்டிலை நெனைக்காம இருக்க முடியாது. அங்க அடிச்சது டேங்க்ல இருந்து வந்த ஃபோம், அடி பட்டது இடது இறக்கை விளிம்பு, ஆனா கீழ இருந்தவங்க சொன்ன பதில் கிட்டத்தட்ட அதேதான்.

வீட்டு ஆளுங்களையும் விடாம எழுதுறாரு. லாஞ்ச் அன்னைக்கு மனைவி பிள்ளைகளைக் கட்டடத்து மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போவாங்க, கூடவே ஒரு விண்வெளி வீரரைத் துணைக்கு விடுவாங்க. ஏதாவது ஆச்சுன்னா அந்தம்மாவைத் தாங்கிப் பிடிக்கத்தான் அந்த ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டாங்க.

பழம்புத்தகம்:

கரிசல் சொல்றது சரிதான், ஆனா ஒரு எச்சரிக்கை. முல்லேன் புத்தகத்துல பொம்பளைங்களைப் பத்தின கேலிப் பேச்சு ஆரம்பத்துல நெறைய வரும், அந்தக் காலத்து மிலிட்டரி மெஸ் பேச்சு. பத்தாவது பொண்ணு கையில குடுக்காதீங்க.

கரிசல்_காட்டான்:

அது உண்மைதான் அண்ணா. ஆனா அதை அவர் ஒளிக்கல, கூட வேலை பாத்த ஜூடி ரெஸ்னிக் மாதிரி ஆளுங்களைப் பாத்துப் பாத்து தான் நெனச்சது தப்புன்னு புரிஞ்சுக்கிட்டதையும் எழுதுறாரு. அந்த ஜூடி 1986ல சேலஞ்சர் ஷட்டில் விபத்துல இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் வர்ற அத்தியாயங்கள்ல நிர்வாகத்து மேல அவருக்கு இருக்கிற கோவம் கொஞ்சமும் தணியல, தணியவும் கூடாது.

தேன்மொழி:

எல்லாரும் அமெரிக்கா பக்கமே நிக்கிறீங்க. வாலன்டின் லெபெதேவோட டைரியைத் தேடிப் பாருங்க, டைரி ஆஃப் எ காஸ்மோநாட், இங்கிலீஷ்ல மொழிபெயர்ப்பு இருக்கு. 1982ல சல்யூட் 7ங்கிற சோவியத் ஸ்பேஸ் ஸ்டேஷன்ல அனடோலி பெரெசோவாய் கூட 211 நாள் இருந்தவரு. மத்ததெல்லாம் வருஷக்கணக்கு கழிச்சு நெனச்சு எழுதுறது, இது அன்னன்னைக்கு மேலயே எழுதுனது. அதான் இதுல சமாளிப்பு கம்மி. ரெண்டே பேரு, சின்ன இடம், ஒரு கட்டத்துல பேச்சே நின்னு போகுது, நாங்க ஒருத்தரை ஒருத்தர் மனத்தாங்கலோட பேசாம கடந்து போறோம், எங்களுக்கு என்ன ஆச்சுன்னே புரியலங்கிற மாதிரி ஒரு நாள் எழுதுறாரு. கூட்டுக் குடும்பத்துல ஒரே அடுப்படியில இருந்தவங்களுக்கு அந்த வரி சுருக்குன்னு குத்தும். அதே ஆளுதான் இன்னொரு பக்கம் செடி வளக்குறதைப் பத்தி அவ்ளோ ஆசையா எழுதுறாரு, அந்தப் பயணத்துலதான் அராபிடாப்சிஸ்ங்கிற குட்டிச் செடி முதல் முறையா விண்வெளியில பூத்து விதையும் வச்சுச்சு.

யார் எழுதுனதுன்னு கேட்டீங்க. பாதிக்கு மேல கூட்டெழுத்துதாங்க, உங்க கெல்லி புத்தகமும் அப்படித்தான், கூட மார்கரெட் லாசரஸ் டீன்னு ஒரு எழுத்தாளர் இருக்காங்க. ஜிம் லொவெல்லோட லாஸ்ட் மூன் (1994, அப்பல்லோ 13 படம் இதுல இருந்துதான் வந்துச்சு) ஜெஃப்ரி க்ளூகரோட சேந்து எழுதுனது, அதுல லொவெல்லே படர்க்கையிலதான் வர்றாரு, அதனால விறுவிறுப்பு ஜாஸ்தி, மனசுக்குள்ள போறது கம்மி. கூட எழுத ஆள் இருக்கிறது குத்தமில்ல, எதைச் சொல்லலாம்னு அந்த விண்வெளி வீரர் முடிவு பண்றதுதான் முக்கியம்னு எனக்குத் தோணுது. பஸ் ஆல்ட்ரின் 1973லயே ரிட்டர்ன் டு எர்த்ல தனக்கு வந்த மன அழுத்தத்தை வெளிப்படையா சொன்னாரு, அந்தக் காலத்துல ஒரு ஏர்ஃபோர்ஸ் ஆளு அப்படிச் சொல்றதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்.

அக்கா பொண்ணுக்கு என் ஓட்டு மைக் மாசிமினோவோட ஸ்பேஸ்மேன். கண் பார்வை பத்தலன்னு நாசா மெடிக்கல்ல தள்ளிவிட்டாங்க, கண்ணுக்குப் பயிற்சி எடுத்து மறுபடி போய் 1996ல செலக்ட் ஆனாரு. 2009ல ஹபிள் டெலஸ்கோப்ல ஒரு கருவியை ரிப்பேர் பண்ணணும், உள்ள நூத்துக்கு மேல குட்டிக் குட்டி ஸ்க்ரூ, அதுக்கெல்லாம் வருஷக்கணக்கா பயிற்சி எடுத்துட்டுப் போறாரு, ஆனா அதுக்கு முன்னாடி கழட்ட வேண்டிய சாதாரணக் கைப்பிடியில ஒரு ஸ்க்ரூ தலை ஸ்லிப் ஆகி சுத்திக்கிட்டே இருக்கு. இனிமே இந்த டெலஸ்கோப்பைக் கெடுத்தவன்னுதான் என் பேரு நிக்கும்னு அவருக்கு அங்கயே தோணிருது. கடைசியில கீழ இருந்தவங்க சோதிச்சுப் பாத்துட்டு, டேப் ஒட்டி கையால பிச்சு எடுன்னு சொல்றாங்க, பிச்சு எடுக்குறாரு. பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குன்னு சுருக்கின பதிப்பும் இருக்கு, அதையே வாங்குங்க.

நெய்தல்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா வரும்னு எதிர்பாக்கல. காலின்ஸ் கிண்டில்ல சேம்பிள் இறக்கிட்டேன், லிண்ட்பெர்க் முன்னுரையைத் தாண்டி உள்ள போயாச்சு. அவளுக்கு ஸ்பேஸ்மேன் ஆர்டர் போட்டாச்சு. தேன்மொழி அக்கா, அந்த லெபெதேவ் டைரி பழைய பிரதி எங்கயாவது கண்ணுல பட்டா சொல்லுங்க, புதுசா எங்கயும் கிடைக்கல.

தேன்மொழி:

என்கிட்ட ஒரு பிரதி இருக்கு தம்பி, அட்டை மட்டும் கிழிஞ்சிருக்கும். தனி மெசேஜ்ல அட்ரஸ் அனுப்புங்க, படிச்சுட்டு திருப்பி அனுப்பிருங்க.